ஆடித் தோட்டத்தை மழைக்கு முன் ஏறக்கட்டி, மார்கழித் தோட்டத்துக்குத் தயாராவது எப்படி? கடலூர், புதுச்சேரி வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆடியில் விதைத்த தோட்டம் புரட்டாசிக் கடைசியில் களைத்துவிடும். வெண்டை ஆளுயரம் போய் நுனியில் ஒன்றிரண்டு காய் வைக்கும். கத்தரியில் காயைவிடப் புழு அதிகம் இருக்கும். புடலங்கொடி அடியெல்லாம் காய்ந்து மேலே மட்டும் பச்சை காட்டும். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால், டிசம்பர் நடுப்பகுதி வரை மண்ணில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

இந்த இரண்டு மாதம் போனது போனதுதான் என்று பலர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். ஆனால் நம் கடலோரத்தில் ஆண்டிலேயே நல்ல தோட்டக் காலம் மழை விட்ட பிறகுதான் வருகிறது. ஜனவரியில் இரவு வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்கும். பகல் வெயில் செடியைச் சுடாது. மண்ணில் ஈரம் இருக்கும், கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கும். அந்த நேரத்தில் நாற்றும் பாத்தியும் தயாராக வைத்திருப்பவருக்குப் பொங்கலுக்குள் கீரையும் முள்ளங்கியும் கைக்கு வந்துவிடும்.

தனித்தனியாகப் பார்த்தால் எந்த வேலையும் கஷ்டமில்லை. வரிசை மாறினால்தான் வீணாகும். விதை எடுப்பதற்கு முன் செடியைப் பிடுங்குவது, வடிகால் பார்ப்பதற்கு முன் எருவைக் கொட்டுவது: புதிதாகத் தோட்டம் வைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

மழை பிடித்துக்கொண்டால் இவற்றைத் தேடி அலைய முடியாது. புரட்டாசி நடுவிலேயே வாங்கிவிடுங்கள்: சவுக்குக் கம்புகள், தேங்காய்நார்க் கயிறு, கொஞ்சம் செங்கல், பழைய சாக்கு, ஒரு தார்ப்பாய், நாற்று விட இரண்டு மூன்று குழித்தட்டு, தென்னை நார்க்கழிவுக் கட்டி ஒன்று, இறுக்கமாக மூடும் டப்பாக்கள். தரையில் பாத்தி வைத்திருந்தால், மண்ணில் மடக்கிவிடும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டின் விதையும் வேண்டும்.

உரக்கடையில் சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி இரண்டிலும் ஒவ்வொரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் நாற்று அழுகலைத் தடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள். அதனால் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இரும்புப் பெட்டியில் போட்டு வைத்தால் உள்ளே மாவுதான் மிஞ்சும்.

தொழுஉரத்தையும் இப்போதே வாங்கி, மேடான இடத்தில் குவித்துத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள். கார்த்திகையில் வாங்கினால் நனைந்த எருதான் கிடைக்கும், பாதிக் காசு தண்ணீருக்குப் போகும். வாங்கிய எருவை மண்ணில் போடும் நேரம் இது இல்லை. அதற்கு 10-வது பகுதி வரை பொறுங்கள்.

2. செடியைத் தொடும் முன் விதை எடுங்கள்

விதைக்கு உலர்ந்த வெயில் நாட்கள் வேண்டும். ஐப்பசியில் அது கிடைக்காது. ஆகவே எல்லா வேலைக்கும் முன்னால் இது.

கடைசியாக நுனியில் மிஞ்சிய சொத்தைக் காயை விதைக்கு விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. செடி ஓய்ந்த பிறகு வைக்கிற காயில் விதை சரியாக முற்றாது. நல்ல செடியில் நடுக்கணுக்களில் வந்த காயை ஆவணிக் கடைசியிலேயே துணி கட்டி அடையாளம் வைத்துவிட வேண்டும். வெண்டை செடியிலேயே காய்ந்து விளிம்பு வெடிக்கத் தொடங்கும்போது பறிக்கலாம். பீர்க்கங்காயை ஆட்டிப் பார்த்தால் உள்ளே விதை குலுங்க வேண்டும். கத்தரிக்காய் நன்றாக மஞ்சளித்துத் தோல் தளர வேண்டும். தக்காளி விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டு அலசினால், மேலே ஒட்டியிருக்கும் வழவழப்பு போய்விடும். அது இருந்தால் முளைப்பு தாமதமாகும்.

காலை வெயிலில் மட்டும் காய வையுங்கள். உச்சி வெயிலில் சுடுகிற மாடித் தளத்தில் பரப்பினால் கரு வெந்துவிடும். வெண்டை விதையைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. டப்பாவின் அடியில் ஒரு பிடி உலர்ந்த அடுப்புச் சாம்பலைக் காகிதத்தில் மடித்து வைத்து, மேலே விதைப் பொட்டலங்களை அடுக்கி, பெயரும் மாதமும் எழுதி மூடுங்கள். மழை மாதங்களின் ஈரக்காற்றைச் சாம்பல் இழுத்துக்கொள்ளும்.

கடையில் வாங்கிய கலப்பின விதையில் வளர்ந்த செடியானால் இந்தப் பாடு வேண்டாம். அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது.

3. எதைப் பிடுங்குவது, எதை விடுவது

இங்கேதான் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். "ஒழுங்குபடுத்துகிறேன்" என்று இறங்கியவர்கள் எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிட்டு, தையில் அவரைக்காய் கடையில் வாங்குவார்கள்.

நாட்டு அவரை பகல் நீளம் குறைந்த பிறகுதான் பூக்கும். ஆடியில் விதைத்தது புரட்டாசி வரை வெறும் இலையும் கொடியுமாகப் பந்தலை அடைத்துக்கொண்டு நிற்கும், ஒரு பூ கூட இருக்காது. மலட்டுக் கொடி என்று அறுத்துவிடாதீர்கள். மார்கழியில் நுனிதோறும் பூங்கொத்து கிளம்பும், மாசி வரை காய் பறிக்கலாம். குத்துச்செடி அவரையில் பல வகைகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அது காய்த்து ஓய்ந்திருந்தால் எடுத்துவிடலாம்.

மஞ்சளையும் விடுங்கள். பொங்கல் பானையில் கட்டுவதற்கு இலையோடு கொத்து வேண்டும் என்றால் தை வரை அது மண்ணில் இருந்தாக வேண்டும். அடியில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும் என்பதால் மண் அணைத்து மேடாக்குங்கள். கறிவேப்பிலை, கனகாம்பரம், டிசம்பர் பூ ஆகியவையும் இருக்கட்டும்.

வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பீர்க்கை, புடலை ஆகியவை போகலாம். கத்தரியும் மிளகாயும் திடமாக இருந்தால், பழைய கிளைகளைப் பாதியாக வெட்டி மழையைத் தாண்ட வைக்கலாம். ஆனால் வெட்டு வேலையை மழைக்கு இரண்டு வாரம் முன்பே முடித்து, காயம் ஆறவிட வேண்டும். அடைமழையில் வெட்டினால் வெட்டுவாய் வழியாகவே அழுகல் இறங்கும்.

4. பிடுங்கும்போது வேரைப் பாருங்கள்

ஒவ்வொரு செடியையும் பிடுங்கியதும் வேரை உதறிப் பாருங்கள். வெண்டை, தக்காளி, கத்தரி வேரில் மிளகு மிளகாக முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த வேர் உரக்குழிக்குப் போகவே கூடாது, காயவைத்து எரித்துவிடுங்கள். அந்த இடத்தில் மார்கழியில் மறுபடி தக்காளி நடாமல் செண்டுமல்லி நடுங்கள். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும், பூவும் கிடைக்கும்.

அவரை, தட்டைப்பயறு, கொத்தவரை போன்ற பயறு இனத்தின் வேரில் வேறு மாதிரி முடிச்சு இருக்கும். லேசாகத் தேய்த்தால் கழன்று வரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது தழைச்சத்து சேர்க்கிற நல்ல முடிச்சு. பயறுச் செடிகளைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும்.

மாவுப்பூச்சி அடைந்த செடியை மூட்டைக்குள் போட்டுக் கட்டிய பிறகு நகர்த்துங்கள். கையில் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தால் வழியெல்லாம் பூச்சியை இறக்கிக்கொண்டு போவதாகும்.

5. வடிகால்: அதிக நேரம் செலவிட வேண்டிய வேலை

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாள் வந்தால் மொட்டைமாடியில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 சதுர மீட்டர் மாடியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் அதன் எடை மட்டும் 5 டன். நனைந்த மண் பைகளின் எடை தனி.

மாடித் தோட்டத்தில் தண்ணீர் தேங்க முக்கியக் காரணம் நார்க்கழிவு. பைகளின் துளை வழியாக ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, குழாய் வாயில் பழுப்பு நிறத்தில் ஒரு பாய் மாதிரி படிந்துவிடும். மேலே இரண்டு பாதாம் இலை விழுந்தால் போதும், சொட்டுத் தண்ணீர் இறங்காது. இதைத் தடுப்பதாக நினைத்துக் குழாய் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுகிறார்கள். துணி இன்னும் சீக்கிரம் அடைக்கும். குழாயைச் சுற்றி ஒரு முழ தூரத்தில் செங்கற்களை இடைவெளி விட்டு வரிசையாக வையுங்கள். குப்பை அங்கேயே நிற்கும், தண்ணீர் இடுக்கில் போகும். அப்புறம் குழாய்க்கு எதிர் மூலையில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று நின்று பாருங்கள். தேங்கும் இடத்தில் இருக்கும் பைகளை நகர்த்துங்கள்.

ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். தளத்தோடு ஒட்டி இருக்கும் பையில் துளை இருந்தும் பயனில்லை. ஒரு குச்சியை உள்ளே விட்டுத் துளைகளைத் திறந்துவிடுங்கள், அடியில் வேர் பின்னி அடைத்திருக்கும். தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டுகளைக் கழுவி உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீர் வேரையும் அழுகவைக்கும், டெங்குக் கொசுவையும் வளர்க்கும்.

தரைத் தோட்டத்தில் பாத்திகளை முக்கால் அடி உயர மேட்டுப்பாத்தியாக மாற்றி, இடையில் வாய்க்கால் வெட்டுங்கள். வாய்க்கால் எங்கேயாவது போய் முடிய வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் போய் முடியக் கூடாது, அது வேறு கதையாகிவிடும். பப்பாளி தண்ணீர் தேங்குவதைத் தாங்கவே தாங்காது. ஓரிரு நாள் நின்றாலே இலை தொங்கிவிடும். அதன் அடியில் மண்ணைக் கூம்பாக ஏற்றுங்கள்.

6. உப்பு மண்ணை மூடாதீர்கள்

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் போர் தண்ணீர் உப்பு கலந்தே வரும். கோடை முழுக்க அதைப் பாய்ச்சியதில் பையின் ஓரத்திலும் மண்தொட்டியின் வெளிப்புறத்திலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். மழைத்தண்ணீர்தான் அதைக் கழுவி இறக்கும்.

ஆகவே வெறுமையான பைகளையும் பாத்திகளையும் முதல் இரண்டு மூன்று மழைக்குத் திறந்தே வையுங்கள். வடிகால் சரியாக இருந்தால் உப்பு அடியோடு போய்விடும். இதனால்தான் எருவை இப்போது போட வேண்டாம் என்கிறேன்: உப்பு போகிற வழியிலேயே தழைச்சத்தும் போய்விடும். மழை முடிந்ததும் செடி மஞ்சளாக நிற்பதைப் பார்த்து "அவ்வளவு எரு போட்டேனே" என்று கேட்பவர்களின் எரு எல்லாம் கெடிலம் ஆற்றில் கலந்திருக்கும்.

சுத்தமான ஒரு பீப்பாயில் மழைநீரையும் பிடித்து, இறுக மூடி வையுங்கள். நாற்றுக்கு அதுதான் நல்லது.

7. தரைப் பாத்தியில் தக்கைப்பூண்டு

வெறும் மண்ணில் அடைமழை விழுந்தால் மேல்மண் கரையும், பிறகு பாளமாக இறுகும். அதற்குப் பதில் புரட்டாசிக் கடைசியில் தக்கைப்பூண்டை நெருக்கமாகத் தூவிவிடுங்கள். தேங்கிய தண்ணீரைக்கூடத் தாங்கும். 45 நாளில், பூக்கத் தொடங்கும்போது, வெட்டி மண்ணோடு மடக்கிவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளினாலும் தண்டு விறகாகி, மட்க நாளாகும். மண்வெட்டி இறங்காத அளவுக்கு ஈரமாக இருந்தால், அறுத்துப் பாத்திமேல் பரப்பினாலே போதும்.

8. மரமும் பந்தலும் காற்றுக்கு முன்

முருங்கையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அதன் கிளை காற்றுக்கு முறிவது மட்டுமல்ல, அடிமரம் வரை கிழித்துக்கொண்டு வரும். நீளக் கிளைகளைப் புரட்டாசியிலேயே கழித்துவிடுங்கள். வெட்டுவாயில் கொஞ்சம் சாணம் பூசினால் தண்ணீர் உள்ளே இறங்காது. தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் ஆள் வைத்து இறக்குங்கள். மா, பலாவில் உட்புறத்தில் குறுக்கே போகும் கிளைகளை எடுத்தால் காற்று ஊடே போகும்.

அவரைப் பந்தலின் கால்களைச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து, மூலைக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள். கயிறு கொஞ்சம் ஆட்டம் கொடுக்கட்டும். விறைப்பாகக் கட்டிய பந்தல்தான் முதலில் சாயும்.

கார்த்திகை தீபம் முடிந்தால் மழை முடிந்தது என்று முட்டுகளை அவிழ்த்துவிடாதீர்கள். தானே புயல் நம் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, மார்கழி பாதி. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது அந்த ஒரு காலையில்தான். பொங்கல் வரை கட்டு இருக்கட்டும்.

9. கூரைக்கு அடியில் நாற்று: தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

மார்கழி பிறப்பது டிசம்பர் 16 வாக்கில். அன்று நாற்று நடத் தயாராக இருக்க வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய்க்கு 40 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கும் காலிஃபிளவருக்கும் 25 நாள். அப்படியானால் மிளகாய் நவம்பர் முதல் வாரம், கத்தரி அடுத்த வாரம், மற்றவை நவம்பர் 20-ஐ ஒட்டி. எல்லாவற்றையும் ஒரே நாளில் போடுவார்கள். மழை நீடித்தால் தக்காளி தட்டிலேயே நெட்டையாகி வெளுத்துப்போகும்.

நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து குழித்தட்டை நிரப்பி, சாரல் படாத, ஆனால் வெளிச்சம் வருகிற தாழ்வாரத்தில் வையுங்கள். ஈர நாட்களில் நாற்றின் கழுத்து அழுகிச் சாய்வதுதான் பெரிய தொல்லை. விதைக்கும் முன் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மாவை விதையில் புரட்டிக்கொள்ளுங்கள். முளைத்த பிறகு லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்து ஊற்றலாம். மேல்பரப்பு காய்ந்தால் மட்டும் தண்ணீர். வெளியே மழை பெய்கிறது என்பதால் நாற்று தாகமாக இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு, தினமும் ஊற்றிக் கொல்பவர்களும் உண்டு. விரலை வைத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

வாசல் கோலத்துக்குப் பறங்கிப்பூ வேண்டுமானால் அதற்கும் கணக்கு உண்டு. விதைத்து 40 நாள் போல முதல் பூ வரும். மார்கழி முதல் தேதிக்கு வேண்டும் என்றால் அக்டோபர் கடைசியில் கொட்டாங்குச்சியில் விதைத்துவிட வேண்டும். முதலில் வருவதெல்லாம் ஆண்பூதான். நீளக் காம்போடு இருக்கும், அடியில் குட்டிக்காய் இருக்காது. அதைப் பறித்துச் சாண உருண்டையில் வைத்தால் காய்க்கு நஷ்டமில்லை.

10. மழை விட்ட பிறகு: இப்போதுதான் எரு

இரண்டு நாள் வெயில் அடித்ததும் இறங்கிவிட வேண்டாம். ஒரு கைப்பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் இன்னும் பொறுங்கள், லேசாகத் தட்டியதும் உதிர்ந்தால் கொத்தலாம். ஈர மண்ணை மிதித்துக் கொத்தினால், குறிப்பாகக் களிமண்ணில், கோடை வரை கட்டி உடையாது.

கொத்திய மண்ணில் மூடி வைத்த தொழுஉரத்தைப் போடுங்கள். 12 அங்குலப் பைக்கு இரண்டு கை நிறைய எருவும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் போதும். ஒரு வாரம் ஆறவிட்டு நாற்றை மாலையில் நடுங்கள். முள்ளங்கி, பீட்ரூட், வெந்தயம், கொத்தமல்லி, பாலக் ஆகியவற்றை நேரடியாக விதைக்கலாம். கொத்தமல்லியைச் செருப்புக்காலால் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் விதைக்க வேண்டும். முழுசாகப் போட்டால் முளைக்க நாளாகும். டிசம்பர் தொடக்கத்தில் மழை இடைவெளி கிடைத்து முள்ளங்கி விதைத்துவிட்டால் பொங்கலுக்குப் பிடுங்கலாம்.

குண்டுமல்லியைக் கவாத்து செய்ய நவம்பர் கடைசி வாரம் சரியான நேரம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே வெட்டி, இலைகளையும் உருவிவிட்டு எரு வைத்தால், கோடைப் பூவுக்கான புதுக்கிளை விடும். அன்று மழை கொட்டினால் ஒரு வாரம் தள்ளுங்கள். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி.

மழை முடிந்ததும் நத்தைப் படை கிளம்பும். மாலையில் ஈரச்சாக்கை விரித்து அடியில் பப்பாளி இலை போட்டு வையுங்கள். காலையில் எல்லாம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும், கையுறை போட்டுப் பொறுக்கி வாளி உப்புத் தண்ணீரில் போடலாம். பாத்தியில் உப்பைத் தூவுவது மட்டும் வேண்டாம், இத்தனை மழை கழுவிய வேலை வீணாகும்.

11. பனிக்காலத்தில் தண்ணீர்

மார்கழிப் பனியில் மாலையில் தண்ணீர் ஊற்றினால் இலை இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும். வெயில் ஏறியதும் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். கோடையில் ஊற்றியதில் பாதி போதும்.

பறங்கி, வெள்ளரி இலையில் மாவு தூவியது போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது சாம்பல் நோய். அடியிலைகளை நறுக்கி அப்புறப்படுத்திவிட்டு, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வெயில் குறைந்த காலையில் தெளியுங்கள். அவரையில் பூங்கொத்தைச் சுற்றிக் கறுப்பாக அசுவினி அடைந்தால், முதலில் தண்ணீரைப் பீச்சி உதிர்த்துவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். பூ விரிந்திருக்கும்போது தெளித்தால் தேனீ வராது. அவரைக்கு மட்டும் இந்தத் தெளிப்பை மாலை நாலரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.